34 வாரமாகியும் குழந்தையின் தலை கீழே திரும்பவில்லை: என்ன செய்யலாம்?

தஞ்சைப் பெண் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 29. இது முதல் கர்ப்பம். 34 வாரமும் மூன்று நாளும் ஆன நிலையில் நேற்று எடுத்த ஸ்கேனில், குழந்தையின் பிட்டம் கீழேயும் தலை என் வலது விலாவுக்கு அடியிலும் இருப்பதாக வந்திருக்கிறது. இரண்டு கால்களும் முழங்காலில் மடங்காமல் முகத்துக்கு நேராக நீண்டிருப்பதை ஸ்கேன் எடுத்தவர் திரையில் காட்டினார். எடை சுமார் 2.2 கிலோ, பனிக்குட நீர் 13 சென்டிமீட்டர், நஞ்சு (நஞ்சுக்கொடி) கருப்பையின் பின்சுவரில் மேலே இருக்கிறது. என் இரத்தப் பிரிவு ஓ நெகட்டிவ் என்பதால் 28ஆவது வாரத்தில், குழந்தையின் இரத்தத்துக்கு எதிராக என் உடல் எதிர்ப்பொருள் உருவாக்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி போட்டிருக்கிறார்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம் இரண்டும் சரியாகவே உள்ளன.

நான் காட்டும் தனியார் மருத்துவமனையில், "இன்னும் இரண்டு வாரம் பார்ப்போம், திரும்பாவிட்டால் தேதி குறித்துச் சிசேரியன் செய்துவிடலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். வெளியே அத்தனை பேர் காத்திருக்கும்போது மேற்கொண்டு கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

வீட்டிலோ ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். "எழுந்து உட்கார்ந்துதான் மறுபக்கம் திரும்பிப் படுக்க வேண்டும் என்று ஐந்தாம் மாதத்திலிருந்து தலைதலையாய் அடித்துக்கொண்டேன், நீ படுத்தபடியே புரண்டாய், அதனால்தான் பிள்ளை மாறிவிட்டது" என்கிறார் மாமியார். பக்கத்துத் தெருவில் விளக்கெண்ணெய் தடவி வயிற்றை நீவித் தலையைக் கீழே கொண்டுவந்துவிடும் பாட்டி ஒருவர் வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். நாத்தனாரோ, சோபாவில் முழங்காலை வைத்துத் தரையில் கையை ஊன்றித் தலைகீழாக நிற்கும் காணொளி ஒன்றை அனுப்பியிருக்கிறார். இவற்றில் எதை நம்புவது? எத்தனை வாரம் வரை குழந்தை தானாகத் திரும்பும்? மருத்துவர்களே கையால் திருப்பிவிடுவார்கள் என்று எங்கோ படித்தேன். அதைக் கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறதா?

ஓய்வுபெற்ற செவிலியர்

அன்பு மகளுக்கு, பிரசவ வார்டில் 31 ஆண்டுகள் நின்றவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். முதல் வேலையாக, புரண்டு படுத்ததால் குழந்தை மாறியது என்ற பேச்சை மனத்திலிருந்து இறக்கி வைத்துவிடுங்கள். தாய் எப்படிப் படுத்தாலும் குழந்தை தன் நீரில் தன் போக்கில்தான் சுற்றுகிறது. 28ஆவது வாரத்தில் பார்த்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தை பிட்டம் கீழாகத்தான் இருக்கும்; நிறைமாதத்தில் அது நூற்றுக்கு மூன்று நான்காகக் குறைந்துவிடும். இடைப்பட்ட வாரங்களில் மற்ற குழந்தைகளை எல்லாம் யாரும் நீவித் திருப்பியதில்லை. கருப்பையின் மேற்பகுதி அகலமானது, கீழ்ப்பகுதி குறுகலானது. வளர வளர, மடங்கிய கால்களும் பிட்டமுமாகிய பெரிய பகுதிக்கு மேலே இடம் தேடிக் குழந்தை தானாகவே தலையைக் கீழே விடுகிறது.

உங்கள் குழந்தைக்கு இரண்டு விஷயங்கள் சற்றுத் தடையாக இருக்கலாம். முதல் கர்ப்பத்தில் வயிற்றுத் தசை இறுக்கமாக இருக்கும். நீண்ட கால்களோ முறிந்த எலும்புக்கு வைத்துக் கட்டும் சிம்பைப்போல உடலை நிமிர்த்தி வைத்திருப்பதால், சுருண்டு குட்டிக்கரணம் போடுவது குழந்தைக்குக் கடினம். ஆனாலும் 34 வாரம் என்பது கைவிடும் காலமன்று. கருப்பையின் அமைப்பில் மாறுபாடு, கட்டி, நஞ்சு கீழிறங்கியிருத்தல், நீர் மிகக் கூடுதலாகவோ குறைவாகவோ இருத்தல் ஆகியவையும் இந்த நிலைக்குக் காரணமாகலாம். உங்கள் அறிக்கையில் அப்படி எதுவும் தெரியவில்லை. பெரும்பாலான தாய்மாரிடம் காரணம் என்று ஒன்றைக் காட்டவே முடியாது.

ஸ்கேன் வருவதற்கு முன்பு நாங்கள் கையால்தான் கண்டுபிடித்தோம். விலாவுக்கு அடியில் தேங்காயைப்போலக் கெட்டியாக ஓர் உருண்டை தட்டுப்படும். விரலால் மெல்லத் தட்டினால் உடல் அசையாமல் அது மட்டும் நழுவிப் போய் மீண்டும் விரலில் வந்து மோதும். அதுதான் தலை. பிட்டம் மெத்தென்று இருக்கும், தட்டினால் முழு உடலும் சேர்ந்து அசையும். இதயத் துடிப்பும், தலை கீழே இருந்தால் தொப்புளுக்குக் கீழேயும், பிட்டம் கீழே இருந்தால் தொப்புளை ஒட்டியோ அதற்கு மேலேயோ நன்றாகக் கேட்கும். நீங்கள் உதையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்: கால் நீண்டிருக்கும் குழந்தையின் பாதம் தலைக்கு அருகிலேயே இருப்பதால், மேலே உதை தெரிகிறதே, திரும்பிவிட்டது போலும் என்று ஏமாந்தவர்கள் பலர்.

வெள்ளிக்கிழமை பாட்டியிடம் போக வேண்டாம். எண்ணெய் தடவி மேலோட்டமாக வருடுவதால் ஒன்றும் ஆகாது என்பது உண்மைதான். ஆனால் தலையைத் திருப்புகிறேன் என்று அழுத்தத் தொடங்கும் கை எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. ஒருமுறை, இரவு இரண்டு மணிக்கு ஒரு பெண்ணை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். வயிறு முழுக்க விளக்கெண்ணெய்ப் பிசுக்கு. தொட்டால் பலகையைப்போல இறுகிக் கிடந்தது. நஞ்சு கருப்பைச் சுவரிலிருந்து பிரிந்துவிட்டிருந்தது. தாயைக் காப்பாற்றினோம். குழந்தையை முடியவில்லை. அந்த நீவலால்தான் ஆனது என்று நீதிமன்றத்தில் நிறுவ என்னால் முடியாது; ஆனால் அந்த எண்ணெய் வாடை என் மூக்கில் இன்னும் இருக்கிறது.

எங்கள் ஊர்ப் பக்கம், காலால் பிறந்தவர் இடுப்பில் மிதித்தால் சுளுக்கு விடும் என்பார்கள். என் தாய்மாமா அப்படிப் பிறந்தவர்; ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வாசலில் நாலு பேராவது முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பிழைத்து வந்தவரை ஊர் கொண்டாடியது. பிழைக்காத குழந்தைகளைப் பற்றி யாரும் பேசியதில்லை.

நாகர்கோவில் வாசகி

சோபா விஷயத்தில் மட்டும் என் அனுபவத்தைச் சொல்கிறேன். 33ஆவது வாரத்தில் என் குழந்தையும் இப்படித்தான் இருந்தது. முழங்காலை ஊன்றி மார்பைத் தரையோடு சேர்த்து இடுப்பை உயர்த்தும் நிலையில் காலையும் மாலையும் பத்து நிமிடம் இருந்தேன். இடுப்புக்கடியில் தலையணைகளை அடுக்கிப் படுத்தேன். தெரிந்த அக்குபங்சர் மருத்துவரிடம் போய், காலின் சுண்டுவிரல் நகத்தின் வெளிமூலைக்கு அருகே மூலிகைச் சுருளைக் கொளுத்திச் சூடு காட்டிக்கொண்டேன். அந்த மூலிகை நம் மரிக்கொழுந்தின் இனம்தானாம். அறை முழுவதும் புகைந்தது. 35ஆவது வாரத்தில் குழந்தை திரும்பிவிட்டது. எதனால் திரும்பியது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, ஏனென்றால் எதுவும் செய்யாத என் தங்கைக்கும் அதே வாரத்தில்தான் திரும்பியது.

தலைகீழாக நிற்பதை மட்டும் தனியாகச் செய்யாதீர்கள். மூன்றாம் நாள் கை வழுக்கி, கணவர் பிடித்திராவிட்டால் வயிறு தரையில் மோதியிருக்கும். நெஞ்செரிச்சலும் தாங்க முடியாததாக இருந்தது.

தஞ்சைப் பெண்

செவிலியர் அம்மாவுக்கும் சகோதரிக்கும் மிக்க நன்றி. வெள்ளிக்கிழமைப் பயணத்தை நிறுத்திவிட்டேன். வீட்டில் இரண்டு நாள் முகம் தூக்கி வைத்துக்கொண்டார்கள், போகட்டும். ஆனால் ஓர் ஐயம். பாட்டி வெளியிலிருந்து அழுத்துவது ஆபத்து என்றால், மருத்துவர் வெளியிலிருந்து அழுத்துவது மட்டும் எப்படி ஆபத்தில்லாமல் போகும்? இரண்டும் கைதானே?

மகப்பேறு மருத்துவர்

சரியான இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் கைதான், கையைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதில்தான் வேறுபாடு. மருத்துவமனையில் முதலில் ஸ்கேன் செய்து நஞ்சு எங்கே இருக்கிறது, நீர் போதுமா, தலை எந்தப் பக்கம் என்று பார்க்கிறோம். பிறகு வயிற்றில் பெல்ட் கட்டிக் குழந்தையின் துடிப்பைச் சிறிது நேரம் பதிவு செய்கிறோம். கருப்பை இறுகாமல் தளர்ந்திருக்க டெர்பியூட்டலின் என்ற மருந்தைத் தோலுக்கடியில் போடுகிறோம். அதன்பிறகுதான் பிட்டத்தை இடுப்பெலும்புக்குள்ளிருந்து மெல்ல மேலே தூக்கி, தலையை எதிர்த்திசையில் நகர்த்தி, குட்டிக்கரணம் போடும் திசையில் திருப்ப முயல்கிறோம். சில நிமிடங்களில் முடியும் வேலை இது. இடையிடையே துடிப்பைப் பார்ப்போம், நீங்கள் வலிக்கிறது என்றால் நிறுத்துவோம், இரண்டு மூன்று முயற்சிகளில் நகராவிட்டால் விட்டுவிடுவோம். பக்கத்திலேயே அறுவை அரங்கு தயாராக இருக்கும். இருநூறில் ஒருவருக்கு அடுத்த 24 மணி நேரத்துக்குள் அவசரச் சிசேரியன் தேவைப்படலாம் என்பது இங்கிலாந்து நாட்டு மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரி தரும் கணக்கு. அந்த ஒருவருக்காகத்தான் இத்தனை ஏற்பாடும். பாட்டியின் திண்ணையில் அந்த ஒருவருக்கு வழியில்லை.

பலன் எவ்வளவு என்றால், பொதுவாகப் பாதிப் பேருக்குத் திரும்பும். முதல் கர்ப்பத்தில் நூற்றுக்கு 40, முன்பு பிரசவித்தவர்களுக்கு நூற்றுக்கு 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். நஞ்சு பின்சுவரில் இருப்பதும் நீர் போதுமானதாக இருப்பதும் உங்களுக்குச் சாதகம். கால் நீண்டிருப்பது பாதகம். திரும்பிய குழந்தை மீண்டும் பழைய நிலைக்குப் போவது அரிது. முதல் கர்ப்பத்தில் 36ஆவது வாரத்திலிருந்தும், அடுத்த கர்ப்பங்களில் 37ஆவது வாரத்திலிருந்தும் செய்யலாம். 36 வாரத்துக்குப் பிறகு, முதல் கர்ப்பக்காரர்களில் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவில்தான் தானாகத் திரும்புகிறது. ஆகவே "பார்ப்போம், பார்ப்போம்" என்று 38ஐத் தாண்டவிடுவதில் பொருளில்லை. நஞ்சு கருப்பை வாயை மறைத்திருந்தாலோ, அண்மையில் உதிரம் பட்டிருந்தாலோ, பனிக்குடம் உடைந்திருந்தாலோ, இரட்டைக் குழந்தைகளாக இருந்தாலோ, துடிப்புப் பதிவு சரியில்லாமல் இருந்தாலோ இதைச் செய்ய மாட்டோம். உங்களுக்கு ஓ நெகட்டிவ் என்பதால், திருப்ப முயன்ற பிறகு ஆன்டி-டி மீண்டும் போட வேண்டும். 28இல் போட்டாயிற்றே என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பயிற்சிகளைப் பற்றி நாகர்கோவில் சகோதரி சொன்னதைவிட நேர்மையாக நான் சொல்லிவிட முடியாது. உடல் நிலைகளால் பயன் உண்டு என்பதற்குப் போதிய சான்றில்லை. சுண்டுவிரல் சூட்டுக்கு ஓரளவு ஆதரவான ஆய்வுகள் உண்டு. 33 முதல் 35 வாரங்களில் தேர்ந்தவரிடம் செய்துகொண்டால் நான் தடுப்பதில்லை, ஆனால் அதை நம்பி 36ஆவது வார ஸ்கேனைத் தள்ளிப் போடாதீர்கள்.

உரிமை இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது. ஆனாலும் நம் ஊரில் பல இடங்களில் இதைச் சொல்லவே மாட்டார்கள். 26 நாடுகளில் நடந்து 2000இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, பிட்டம் கீழாக உள்ள குழந்தைக்குத் திட்டமிட்ட சிசேரியனே பாதுகாப்பானது என்று சொன்னது. அதன்பின் பிட்டப் பிரசவம் பார்க்கும் பழக்கமே உலகெங்கும் மறைந்துகொண்டு வந்தது. இரண்டாண்டு கழித்துக் குழந்தைகளைப் பார்த்தபோது திட்டமிட்ட சிசேரியன், இயல்பான பிரசவம் என்ற இரு பிரிவுக்கும் வளர்ச்சியில் வேறுபாடு தெரியவில்லை என்ற பிற்சேர்க்கை, முதல் செய்தி போன அளவுக்குப் போய்ச் சேரவில்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் 45 சிசேரியன். தனியாரில் மட்டும் பார்த்தால் 64. இந்தச் சூழலில், அரைநாள் ஒதுக்கி, அரங்கைத் தயாராக வைத்து, பாதி வாய்ப்புள்ள ஒரு வேலையைச் செய்ய எத்தனை பேர் முன்வருவார்கள்? என் துறையைக் குறை சொல்வதாக எண்ண வேண்டாம்; பயிற்சியில்லாதவர் செய்யாமல் இருப்பதே நல்லது. உங்கள் மருத்துவரிடம், "நீங்கள் செய்வீர்களா, இல்லையென்றால் செய்கிற இடத்துக்குக் கடிதம் தருவீர்களா" என்று நேராகக் கேளுங்கள். அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் விசாரியுங்கள்.

இன்னொன்றையும் வீட்டில் அனைவரிடமும் சொல்லி வையுங்கள். பிட்டமோ பாதமோ கீழே இருக்கும்போது பனிக்குடம் உடைந்தால், தொப்புள்கொடி முன்னால் நழுவி வர வாய்ப்புண்டு. அப்போது குளித்துவிட்டு வருகிறேன், பையை எடுத்துக்கொள்கிறேன் என்று நிற்கக் கூடாது. உடனே 108ஐ அழைத்துவிட்டு, இடுப்பு உயர்ந்திருக்கும்படி படுத்துக்கொள்ள வேண்டும்.

லண்டனிலிருந்து ஒரு தாய்

தங்கைக்கு வணக்கம். எனக்கு இரண்டாவது பிள்ளை 36ஆவது கிழமையில் இருப்புமாறி இருந்தது. இங்கே மருத்துவிச்சியே அதைக் கண்டுபிடித்து மறுநாளே திருப்புவதற்கு நேரம் எடுத்துத் தந்தார். நான் யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. ஊசி போட்டதும் நெஞ்சு படபடத்துக் கைவிரல்கள் நடுங்கின. அதைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் பயந்துவிட்டேன். பிறகு வயிற்றில் மாவைப்போலப் பவுடரைத் தூவி, ஒருவர் கீழேயும் ஒருவர் மேலேயும் கை வைத்தார்கள். வலி என்று சொல்ல முடியாது. மூச்சை அடைக்கும் அழுத்தம். முதல் முறை அசையவில்லை. இரண்டாம் முறை, வயிற்றுக்குள்ளே ஒரு நிறைகுடம் புரள்வதுபோல ஒரு பக்கமாகச் சரிந்து, தோலுக்கு மேலாலேயே தெரிய, தலை கீழே போனது. மருத்துவர் முகத்தைவிட என் கணவர் முகத்தில்தான் வியர்வை அதிகம். ஒருமணி நேரம் துடிப்பைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். 40ஆவது கிழமையில் சுகப்பிரசவம்.

எனக்கு அது இரண்டாவது பிள்ளை என்பதையும் வைத்துத்தான் நீங்கள் கணக்குப் பார்க்க வேண்டும். மூச்சை இழுத்து வயிற்றை இறுக்காமல், வாயால் மெல்ல விடப் பழகிக்கொண்டு போங்கள். அந்த ஒரு விஷயம் உதவியது.

தஞ்சைப் பெண்

ஐந்து வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன், தாமதத்துக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். 36ஆவது வார ஸ்கேனிலும் தலை விலாவுக்கு அடியிலேயே இருந்தது. மருத்துவர் சொல்லித் தந்த வாக்கியத்தை அப்படியே கேட்டேன். எங்கள் மருத்துவர் சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, தான் செய்வதில்லை என்று சொல்லிக் கடிதம் எழுதித் தந்தார்; கோபித்துக்கொள்ளவில்லை. நான்தான் தேவையில்லாமல் பயந்திருக்கிறேன்.

36 வாரமும் நான்கு நாளும் ஆனபோது அரசு மருத்துவமனையில் முயன்றார்கள். ஊசிக்குக் கை நடுங்கியது. லண்டன் அக்கா சொல்லியிருந்ததால் நான் பதறவில்லை. மூன்று முறை பார்த்தார்கள். இரண்டாம் முறை பிட்டம் சற்று மேலேறி வந்தது, பிறகு ரப்பர் பந்தைப்போலப் பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்துகொண்டது. மூன்றாம் முறை துடிப்பு சிறிது குறைந்ததும் கையை எடுத்துவிட்டார்கள். ஒரு நிமிடத்தில் அது சரியாகிவிட்டது. ஆன்டி-டி போட்டு, மாலை வரை வைத்திருந்து அனுப்பினார்கள். பேருந்தில் வரும்போது அழுதேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

39ஆவது வாரத்தில் சிசேரியன் நடந்தது. பெண் குழந்தை, 2.9 கிலோ. பிறந்து இரண்டு நாள் வரை இரு கால்களையும் காதருகே தூக்கி வைத்துக்கொண்டேதான் படுத்திருந்தாள். துணியில் சுற்றினால் பாதங்கள் கன்னத்துக்குப் பக்கத்தில் எட்டிப் பார்த்தன. செவிலியர் சிரித்துவிட்டு, இழுத்து நீட்ட வேண்டாம், தானாக இறங்கும் என்றார். இறங்கிவிட்டன. மாமியார் இப்போது, பேத்தி வளர்ந்ததும் தம் இடுப்பில் மிதிக்கச் சொல்லப் போவதாகத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். காலால் அல்ல, பிட்டத்தால் வந்தவள் என்று நானும் திருத்தவில்லை.

ஆறாவது வாரத்தில் இடுப்பு மூட்டுக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். இது எல்லாருக்கும் எடுப்பதுதானா?

மகப்பேறு மருத்துவர்

வாழ்த்துகள். ஆம், தவறாமல் எடுங்கள். நிறைமாதத்தில் பிட்டம் கீழாக இருந்த குழந்தைகளுக்கு, பெண் குழந்தைகளுக்குக் கூடுதலாக, தொடையெலும்பின் தலை அதன் கிண்ணத்தில் சரியாகப் பொருந்தாமல் இருக்க வாய்ப்புண்டு. கையால் பார்க்கும்போது தெரியாதது ஸ்கேனில் தெரியும், சில மாதங்களுக்குள் கண்டுபிடித்தால் வார்பட்டை கட்டியே சரிசெய்துவிடலாம். கடைசி வாரங்களில் திரும்பித் தலை கீழாகப் பிறந்த குழந்தைக்கும் இது பொருந்தும் என்பதால், நாகர்கோவில், லண்டன் சகோதரிகள் தங்கள் குழந்தைகளுக்கு எடுத்தார்களா என்று அறிய ஆவல். அதுவரை குழந்தையின் கால்களைச் சேர்த்து இறுக்கிச் சுற்றாமல், தவளைக் காலைப்போல அகன்று மடங்க இடம் விட்டே துணி சுற்றுங்கள். நம் ஊர்த் தூளியில் அதற்கு இடம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

லண்டனிலிருந்து ஒரு தாய்

எனக்கு எடுத்தார்கள், ஆறாவது கிழமையில். எல்லாம் சரியாக இருந்தது.